பூட்டாத காம்பராவும் பூனைப் பதிவேடும்

பூனை இல்லத்துக்குப் புதிதாக வந்திருக்கும் நண்பர்களுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்: “ஒரு பூனையைக் கொடுக்க எதற்கய்யா இரண்டு பக்கப் படிவம்? பெண் கொடுக்கிறவர்கள்கூட இவ்வளவு விசாரிப்பதில்லையே!” எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்துவைத்தேன். அந்தப் படிவத்தை எழுதிய மகானுபாவன் நான்தான் என்பது உங்களுக்குத் தெரியாது.

பதினாறு வருடம் ஒரு வேலையைச் செய்துவிட்டு விலகுகிறவன் நாலு புத்தி சொல்லிவிட்டுப் போவது வழக்கம். என்னிடம் அப்படிப் புத்தி எதுவும் மிச்சமில்லை. ஒரு தப்பு இருக்கிறது, அதைச் சொல்லிவிட்டுப் போகிறேன். பூனைக்குப் புழு மருந்து கொடுப்பது எப்படி, கூண்டு கழுவுவது எப்படி என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். தெரியாவிட்டால் பூனையே நகத்தால் சொல்லிக்கொடுத்துவிடும்.

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த வருடம் இந்த இடம் டிக்கோயாவில் தொடங்கியது. அப்போது வெள்ளைக்காரத் துரைமார் சிலர் மூட்டை கட்டிக்கொண்டு சீமைக்குக் கிளம்பினார்கள். நாயைக் கப்பலில் ஏற்றினார்கள், பியானோவையும் ஏற்றினார்கள். பூனையை மட்டும் பங்களாவிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். ஓய்வுபெற்ற ஒரு நர்ஸம்மா பழைய குதிரை லாயம் ஒன்றை எடுத்து, அப்படி விடப்பட்ட பூனைகளைச் சேர்த்து வைத்தார். கூண்டுகள் வரிசையாக இருந்ததால் ஊர்க்காரர்கள் அதற்குப் ‘பூனை லயம்’ என்று பெயர் வைத்தார்கள். காம்பரா என்னும் ஒற்றை அறைகளில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைவிட அங்கே கூரை ஒழுகுவது குறைவு என்றும் சொன்னார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

நான் பக்கத்துத் தோட்டத்து ஆபீஸில் கிளாக்கர். ஞாயிற்றுக்கிழமைகளில் பொழுது போகாமல் அங்கே உதவிக்குப் போகத் தொடங்கினேன். எனக்குப் பூனை மேல் பிரியம் என்று சொல்ல முடியாது. என் பிரியம் பதிவேட்டின் மேல்தான். ஒவ்வொரு பூனைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, பக்கத்துக்கு எண் போட்டு, சிவப்பு மையில் கோடு இழுத்து, நீல மையில் எழுதினேன். ஹட்டனில் கருவாட்டுக் கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர் ஒருவர், எல்லோருக்கும் அவர் ‘நானா’, வாரம் தவறாமல் மீன் தலைகளைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து கொடுப்பார். என் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “கிளாக்கர், இதுல எந்தப் பக்கத்தத் தின்னும் பூனை?” என்று கேட்பார். வயிறு நிரப்புகிறவருக்கு அந்தக் கேலிக்கு உரிமை உண்டென்று நானும் விட்டுவிடுவேன்.

ஆரம்பத்தில் எங்களுக்கு ஒரு கொள்கை இருந்தது. பூனைகளெல்லாம் பங்களாவில் வளர்ந்தவை, ஆகவே பங்களாவுக்கும் உத்தியோகத்தர் வீடுகளுக்கும்தான் கொடுப்பது. இந்தக் கொள்கையையும் நான்தான் எழுதினேன். பங்களாக்காரர்கள் ஆசையோடு வாங்கிப் போனார்கள். மூன்று மாதத்தில், மிக மரியாதையான கடிதத்தோடு திருப்பி அனுப்பினார்கள். ஒருவருக்குப் புது நாய் வந்துவிட்டது. இன்னொருவருக்குத் திரைச்சீலை கிழிந்துவிட்டது. ஒரு சாம்பல் நிறக் கடுவன் பூனை நாலு பங்களா பார்த்துவிட்டு நாலாவது தடவையும் திரும்பி வந்தது. ஒவ்வொரு பூனை திரும்பும்போதும் நான் படிவத்தில் ஒரு கேள்வி கூட்டினேன். உங்களை எரிச்சல்படுத்தும் அந்த இரண்டு பக்கம் அப்படித்தான் நீண்டது.

அந்தச் சாம்பல் கடுவனை வாங்கிப் போனவள்தான் அங்கம்மா. அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தேயிலைக் கொழுந்து எடுப்பவள், புருஷனை இழந்தவள், கைக்குழந்தையாக ஒரு மகள். விறகுக்கு மிலாறு, அதாவது காய்ந்த தேயிலைக் குச்சி, வெட்டும்போது வலது கை கிழிந்து சீழ் வைத்துவிட்டது. டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கட்டுப் போட வருகிறவள், போகிற வழியில் எங்கள் வாசலில் நின்று பார்ப்பாள். ஒருநாள் உள்ளே வந்துவிட்டாள்.

“அய்யா, காம்பராவுல எலி தாங்கலீங்க. புள்ள காலக் கடிச்சிருச்சு. ஒரு பூன குடுங்க.”

லயத்துக்குக் கொடுப்பதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். மீன் தலையைக் கொட்டிக்கொண்டிருந்த நானா திரும்பிப் பார்த்தார். “நாலு தொரைமாரு வேணாண்டு அனுப்பினத அந்தப் பொம்புளை கேக்குது. குடுத்தா உங்க கொள்கைக்குக் காய்ச்சல் வருமா?” என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. படிவத்தை எடுத்தேன். பெயர், தோட்டம், லயம், காம்பரா எண், பூனை படுக்குமிடம் என்று கேட்டுக்கொண்டே போனேன். வருடத்துக்கு ஒருமுறை நானே நேரில் வந்து பார்ப்பேன், வரும்போது பதிவேட்டில் கைநாட்டு வைக்க வேண்டும் என்றும் சொன்னேன்.

“பூனைக்கும் பெரட்டுங்களா அய்யா?” என்றாள் அங்கம்மா.

காலையில் தொழிலாளரை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்குத்தான் பெரட்டு என்று பெயர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் இடது பெருவிரலை மையில் அழுத்தி வாங்கினேன். பங்களாவிலிருந்து வந்ததால் பூனைக்கு அவள் ‘தொரை’ என்று பெயர் வைத்தாள். பின்னால் விசாரித்ததில், தொரை எலி பிடிக்கவில்லை, அடுப்பு மேட்டில் உட்கார்ந்து லயத்தை மேற்பார்வை பார்த்தது என்று தெரிந்தது. ஆனால் அதன் வாடைக்கே எலிகள் ஓடிவிட்டன. அதுவும் ஒருவகை நிர்வாகம்தான்.

இனி என் தப்புக்கு வருகிறேன். மறு வருடம் அங்கம்மாவின் காம்பராவைப் பார்க்கப் புறப்பட்டேன். அக்கரப்பத்தனையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மழை கொட்டியது. லயத்துக்கு மேட்டில் இரண்டு மைல் நடக்க வேண்டும். பாதை முழுக்க அட்டை. தேத்தண்ணிக் கடையில் ஒதுங்கினேன். வடை சூடாக இருந்தது. இரண்டாவது வடையில், ஒரு பூனைக்காக இந்த மழையில் நனைய வேண்டுமா என்று தோன்றியது. மூன்றாவது வடையில் தீர்மானித்துவிட்டேன். அங்கேயே பதிவேட்டைத் திறந்து எழுதினேன்: “காம்பரா பூட்டியிருந்தது. இந்தியாவுக்குப் போயிருப்பதாக அக்கம்பக்கத்தார் கூறினர். பூனை பக்கத்துக் காம்பராவில் நலம்.” திரும்பும் பஸ்ஸில் ஏறி வந்துவிட்டேன்.

வெறுமனே ‘பூட்டியிருந்தது’ என்று எழுதியிருக்கலாம். ஆனால் நான் நல்ல கிளாக்கர். பொய்க்கும் ஒரு விவரம் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ‘இந்தியா’ என்று எழுதினால் ஏன் எதற்கு என்று யாரும் கேட்கமாட்டார்கள். அதற்கடுத்த வருடம் வெயிலான நாளாகப் பார்த்துப் போனேன். அங்கம்மா இருந்தாள், பூனை இருந்தது. “தங்கியிருக்கிறார். பூனை நலம்” என்று எழுதிக் கைநாட்டு வாங்கிக்கொண்டேன். முந்திய வருடத்துப் பொய்யை நான் மறந்தே போனேன்.

நாலைந்து வருடம் கழித்து ஒரு ஞாயிறு, அங்கம்மா மகளையும் கூட்டிக்கொண்டு பூனை லயத்துக்கு வந்தாள். கையில் அரசாங்கக் கடிதம். சுதந்திரத்துக்குப் பிறகு தோட்டத் தொழிலாளரின் பிரஜாவுரிமை போய்விட்டதால், அதைக் கேட்டு மனுப் போட்டிருந்தாள். இந்த நாட்டை விட்டுப் போகாமல் தொடர்ந்து இங்கேயே குடியிருந்தாள் என்று நிரூபிக்க வேண்டும். மற்ற வருடங்களுக்குத் தோட்டத்துச் செக்ரோலில், அதாவது வேலையாட்கள் பதிவில், பெயர் இருக்கிறது. கை புண்ணான அந்த இரண்டு வருடமும் வேலைக்குப் போகாததால் பெயரை வெட்டிவிட்டார்கள். அந்த இரண்டு வருடமும் எங்கே இருந்தாள் என்று காட்ட வேண்டும்.

“நான் யோசிச்சுப் பாத்தேங்கய்யா. எம் பேர அந்த வருசத்துல எழுதி வச்சிருக்கிறது நீங்க ஒருத்தர்தான். காம்பரா நம்பரோட எழுதினீங்களே, நாங்கூட சிரிச்சேன்ல. அந்தப் பொஸ்தகத்தக் காட்டுனா போதுமுங்க. கெடச்சிட்டா எம் மகளையும் யாரும் போன்னு சொல்ல முடியாது.”

என் நெஞ்சு எவ்வளவு நிமிர்ந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். கேலி பண்ணிய நானாவைப் பெருமையோடு ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பதிவேட்டை எடுத்து வந்து, அவள் எதிரிலேயே திறந்தேன். முதல் பதிவு, கைநாட்டு. மூன்றாவது பதிவு, கைநாட்டு. நடுவில் என் அழகான கையெழுத்தில் இந்தியா. அந்த வரியை உள்ளங்கையால் மூடினேன். அங்கம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. “இருக்குங்களா அய்யா?” என்றாள். “இருக்கு, இருக்கு. நானே வந்து காட்டறேன்” என்றேன்.

அவள் போன பிறகு நானாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. “புதுசா ஒரு பொஸ்தகம் எழுதிருங்க. அந்த ஒரு வரிய மட்டும் மாத்தி எழுதிருங்க. பூனையா வந்து சாட்சி சொல்லப்போவுது?” என்றார். மூன்று பதிவும் ஒரே பக்கத்தில் இருந்ததால், கிழித்தால் மூன்றும் போய்விடும். அடித்தால் சிவப்புக் கோட்டுக்கும் நீல மைக்கும் நடுவில் பளிச்சென்று தெரியும். என் சுத்தமே எனக்கு வினையாகிவிட்டது. புதுப் புத்தகம் வாங்கி எழுதவும் உட்கார்ந்தேன். மூன்று பக்கத்தில் நிறுத்திவிட்டேன். நேர்மையால் நிறுத்தினேன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்குப் பிரஜாவுரிமை அப்போதுதான் கிடைத்திருந்தது. அரசாங்கத்திடம் போலிப் புத்தகம் காட்டிப் பிடிபட்டால் என் கதி என்ன என்று பயந்தேன், அவ்வளவுதான்.

ஆகவே விசாரணையில் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். முடிவு செய்ததும் எனக்கு என் மேலேயே ஒரு மரியாதை வந்துவிட்டது. அங்கம்மாவிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. தோன்றியது, ஆனால் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிவு வரவில்லை. அதிகாரியிடம் சொல்லும்போது அவளும் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

விசாரணை நுவரெலியாவில். அதிகாரி சிங்களவர், நிதானமானவர், குரலை உயர்த்தவே இல்லை. அங்கம்மாவுக்காகத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரும் இருந்தார். எனக்குத்தான் இங்கிலீஷ் வருமே! நேராக இங்கிலீஷில் பேச ஆரம்பித்தேன். மொழிபெயர்ப்பாளர் பேனாவை மூடி வைத்துவிட்டார். அங்கம்மா என் வாயையும் அதிகாரியின் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடுப் பதிவு பொய், நான் அன்று லயத்துக்குப் போகவே இல்லை என்று சொன்னேன். அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

“போகவில்லை என்றால், இந்தியா என்று எழுத எப்படித் தோன்றியது?”

“எழுத எளிதாக இருந்தது, ஐயா.”

“அக்கம்பக்கத்தார் சொன்னதாக இருக்கிறதே?”

“அக்கம்பக்கத்தாரையும் நான்தான் உண்டாக்கினேன்.”

அவர் பக்கத்தை மறுபடி வாசித்தார். “கைநாட்டு வைத்த இரண்டு நாளும் இவர் இங்கே இருந்தார், அதை ஏற்றுக்கொள்கிறேன். நடுவில் இரண்டு வருடம். அதில் உள்ள ஒரே பதிவு, இவர் இந்தியாவில் என்கிறது. எழுதியவரே பொய் என்கிறார். பொய் எழுதுவேன் என்று ஒப்புக்கொண்ட ஒருவரின் பேச்சை நம்பி நான் என்ன எழுத முடியும்? உங்கள் புத்தகத்தின்படி தொடர்ந்து இங்கே வசித்தது பூனை மட்டும்தான்.” சிரிக்காமலே சொன்னார். பிறகு, “அந்த வருடத்துக்கு இவருக்கு வேறு சாட்சி யாராவது உண்டா?” என்று கேட்டார்.

“இல்லை, ஐயா” என்றேன்.

அங்கம்மாவின் பக்கம் நான் திரும்பக்கூட இல்லை. தோட்டத்து ஆபீஸ் ஜன்னலில் இத்தனை வருடம் உட்கார்ந்தவன் நான். வெளியே நிற்கிற தொழிலாளிக்குக் காய்ச்சலா, எத்தனை நாளாக, பிள்ளைகள் எத்தனை என்று துரை கேட்டால், அவர்களைக் கேட்காமலே நாங்களே பதில் சொல்லிவிடுவோம். துரைக்கும் நேரம் மிச்சம், எங்களுக்கும் கெட்டிக்காரப் பெயர். அந்தப் பழக்கத்தில் வந்த பதில் அது. அதிகாரி அதை எழுதிக்கொண்டார்.

மனு தள்ளுபடியானது. பின்னால் நானும் நானாவும் அலைந்து, புதிய சாட்சி இருப்பதாக எழுதி ஒரு மேல்மனு போட்டோம். வேறு சாட்சி இல்லையென்று மனுதாரர் தரப்பே சொல்லியிருப்பதாகப் பதில் வந்தது. சொன்னது நான், பேர் அவளுக்கு. இப்போது இந்தியா, இலங்கை இரண்டு அரசாங்கமும் பேசி, இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே என்று பிரித்துக்கொண்டதாகப் பத்திரிகையில் வருகிறது. அங்கம்மாவும் மகளும் எந்தப் பக்கம் விழுவார்கள் என்று தெரியவில்லை. அவள் இந்தியாவை ஒருநாளும் பார்த்ததில்லை. பேப்பரைப் பிரிக்கும்போதெல்லாம் முதலில் அந்தச் செய்தியைத்தான் தேடுகிறேன்.

அந்தப் புதிய சாட்சி யார் என்பது விசாரணை முடிந்த அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. அதைச் சொல்லி முடிக்கிறேன். நாங்கள் பஸ் நிலையத்தில் நின்றோம். மொழிபெயர்ப்பாளர் வெளியே வரும்போது அவளிடம் எல்லாவற்றையும் தமிழில் சொல்லியிருந்தார். நான் மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவளே பேசினாள்.

“நீங்க வராத அந்த நாளு எனக்கு ஞாபகம் இருக்குங்கய்யா. வாரேன்னு காயிதம் போட்டிருந்தீங்கள்ல? கணக்கப்புள்ள படிச்சுச் சொன்னாரு. எனக்குன்னு வந்த மொத காயிதம் அது.”

கடிதம் போட்டதே எனக்கு நினைவில்லை.

“கங்காணி வீட்டுல நாக்காலி கேட்டு வாங்கியாந்து, தொடச்சு, வாசல் இஸ்தோப்புல போட்டு வச்சேன். ரொட்டி சுட்டு, சம்பல் அரச்சு மூடி வச்சேன். தொரை எங்கயும் ஓடிறக் கூடாதுன்னு கொழுந்துக் கூடையப் போட்டுக் கவுத்து வச்சேன். மழ பேயுது, எங்கடி வரப்போறாருன்னு எல்லாரும் சிரிச்சாங்க. கிளாக்கரய்யா எழுதினா எழுதுனதுதான், வந்துருவாருன்னு சொன்னேன். இருட்டினப்பறந்தான் நாக்காலியத் திருப்பிக் குடுத்தேன். கங்காணி இப்பவும் கண்டா கேலி பண்ணுவாரு, ஒங்க பூன இன்ஸ்பெட்டரு வந்துட்டாரான்னு.”

பதிவேட்டைத் திறந்து அந்தத் தேதியைப் பார்த்தேன்.

“கங்காணி பெரிய ஆளுங்க, அவரு சொன்னா எடுபடும். கூப்பிட்டிருந்தா வந்துருப்பாரு” என்றாள். பிறகு, கோபமே இல்லாமல், “என்னைய ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேனுங்களே” என்றாள்.

திரும்ப ஓடினேன். அறை பூட்டியிருந்தது, இந்தத் தடவை நிஜமாகவே. அதிகாரி போய்விட்டிருந்தார். மூச்சு வாங்க நான் திரும்பி வந்தபோது பஸ் புறப்படத் தயாராக நின்றது, உள்ளே நிற்கவும் இடமில்லாத கூட்டம். அங்கம்மா முன்னாலேயே ஏறியிருந்தாள். ஜன்னலோரம் தான் நின்றுகொண்டு, தன் முந்தானையை ஓர் இருக்கையில் விரித்துப் போட்டு, யாரையும் உட்காரவிடாமல் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள்.